2,140 கிராஃப்ட், 14 மாதம்: நான் முடி நட்டுக்கொண்ட கிளினிக்

முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு 14 மாதம் ஆகிறது. ஆறாவது மாதமே எழுத உட்கார்ந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். முழுப் பலன் தெரிய 12 முதல் 18 மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் எழுதினால் நல்லதும் தப்பாகும், கெட்டதும் தப்பாகும். கிளினிக்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களிடம் எனக்கு மனக்குறையும் உண்டு, நன்றியும் உண்டு. எதைப் பார்த்து அங்கே போனேன், அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 39 வயது. 27 வயதில் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏற ஆரம்பித்தது. 33இல் உச்சியில் தோல் தெரிந்தது. என் அண்ணனுக்கும் இதே வரிசையில்தான் கொட்டியது. 45 வயதுக்குள் காதுக்கு மேலே ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. காற்றடித்தால் கை தானாக முன்நெற்றிக்குப் போகும். படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய் நிற்பேன். இது சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் மனம் கனத்தது எனக்குத்தான்.

முதலில் வேறொரு இடத்துக்குப் போனேன். அங்கே என்னிடம் பேசியவர் டாக்டர் அல்ல, ஆலோசகர். இருபது நிமிடத்தில் 4,500 கிராஃப்ட் என்று எழுதிக் கொடுத்தார். கிராஃப்ட் என்றால் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும், எடுத்து நடும் ஒரு சிறு மயிர்க்கால் கொத்து. புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, பதினெட்டு வயதுப் பையனுக்கு இருப்பதுபோல் ஒரு கோடு வரைந்தார். அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். என் பின்மண்டையை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நடப்போகும் முடி அங்கிருந்துதான் வர வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் டாக்டரே 50 நிமிடம் உட்கார்ந்தார். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவியைப் பின்மண்டையில் நான்கு இடத்தில் வைத்து எண்ணினார். அப்பா, அண்ணன் படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். அப்பா படம் கைப்பேசியில் இருந்தது. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முன், பின், மேல் என்று மூன்று படம் எடுத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

டாக்டர் சுவரில் இருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஆண்களின் வழுக்கை எந்த வரிசையில் போகும் என்று ஹாமில்டன் 1951இல் வகைப்படுத்தியது, நார்வுட் 1975இல் திருத்தியது. ஏழு நிலைகள். நான் மூன்றாம் நிலை, உச்சியிலும் சேர்த்து. அண்ணன் ஆறு. "நீங்கள் இப்போது இருக்கும் தலைக்கு நான் திட்டம் போட முடியாது. உங்கள் அண்ணன் தலைக்குத்தான் போட வேண்டும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவரிடம் தங்கினேன்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். இந்த வகை வழுக்கையில், டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள் இடம் கொடுத்துச் சுருங்கிப் போகின்றன. பின்மண்டையிலும் பக்கவாட்டிலும் இருப்பவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் பழைய குணத்தோடே வளரும். நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இல் வெளியிட்டது இதைத்தான். இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு உண்மையின்மேல் நிற்கிறது. ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. புது முடி எதுவும் உண்டாவதில்லை, இருக்கும் முடி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். என் பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ 5,000 கிராஃப்ட் பாதுகாப்பாக எடுக்கலாம் என்று கணக்குச் சொன்னார். முதல் இடத்தில் அதில் 4,500ஐ ஒரே நாளில் முன்நெற்றியில் செலவழித்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து அதற்குப் பின்னால் எல்லாம் கொட்டினால் நிரப்ப ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்புறம் அவர் சொன்னது: "இப்போது வேண்டாம். ஒரு வருடம் மருந்து எடுங்கள், கொட்டுவது நிற்கட்டும்." தைராய்டு, இரும்புச்சத்துக்கான ரத்தப் பரிசோதனைகளும் எழுதினார், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய. பணம் கட்டத் தயாராக வந்தவனை ஒரு வருடம் கழித்து வா என்று அனுப்பும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மருந்து என்றால் ஃபினஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தினமும் ஒன்று, கூடவே தலையில் தடவும் மினாக்ஸிடில். ஃபினஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும், சிலருக்கு மனச்சோர்வு தரும் என்பதை அவரே முதலில் எடுத்துச் சொன்னார். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதையும், பின்னாளில் புராஸ்டேட்டுக்காக ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல வேண்டும், அது அந்த அளவைக் குறைத்துக் காட்டும் என்பதையும் எழுதியே கொடுத்தார். எனக்குப் பக்கவிளைவு எதுவும் வரவில்லை. மினாக்ஸிடில் தடவிய இரண்டாவது மாதம் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. அதுவும் எதிர்பார்த்ததுதான் என்றார்கள், நான்காவது மாதத்தில் நின்றது. வருட முடிவில் உச்சி கொஞ்சம் தேறியிருந்தது. அதனால் அங்கே நடவே வேண்டாம், முன்பகுதிக்கு மட்டும் போதும் என்று ஆனது.

ஹேர்லைன் வரையும்போது எங்களுக்குள் பேச்சு நீண்டது. நான் ஒரு சென்டிமீட்டர் கீழே கேட்டேன். அவர் மறுத்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இது உங்களுக்கு அறுபது வயதிலும் பொருந்த வேண்டும்" என்றார். இரண்டு ஓரத்தையும் முழுக்க மூடாமல் கொஞ்சம் உள்வாங்கியே விட்டார். அன்று ஏமாற்றமாக இருந்தது. இன்று என் முகத்தில் சரியாக உட்கார்ந்திருப்பது அந்த உள்வாங்கல்தான்.

அறுவை சிகிச்சை நாள். இரண்டு முறைகள் உண்டு. பின்மண்டையில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைப்பது எஃப்யூடி. ஒவ்வொரு மயிர்க்கால் கொத்தையும் தனித்தனியாகத் துளைத்து எடுப்பது எஃப்யூஇ. முதலாவது ஒரு கோடாகத் தழும்பு விடும். இரண்டாவது புள்ளி புள்ளியாக விடும், தழும்பே இல்லை என்று விளம்பரத்தில் சொல்வது பொய். எனக்குச் செய்தது எஃப்யூஇ, 0.9 மில்லிமீட்டர் துளைப்பான். யார் எதைச் செய்வார்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். எடுப்பதும், நடுவதற்கான கீறல் போடுவதும் டாக்டர். நுண்ணோக்கியில் பிரிப்பதும் நடுவதும் நான்கு டெக்னீஷியன்கள். சொன்னபடியே நடந்தது.

காலையில் என் எடையைப் பார்த்தார்கள். மரத்துப்போகும் ஊசியான லிடோகெய்னை எவ்வளவு வரை போடலாம் என்பது எடையைப் பொறுத்தது என்று நர்ஸ் சொன்னார். அந்த ஊசிகள்தான் நாள் முழுவதிலும் வலித்தவை. பிடரியில் வரிசையாக எறும்பு கடிப்பதுபோல ஆரம்பித்து, நெற்றி ஓரத்துக்கு வரும்போது கண்ணில் நீர் முட்டியது. பத்து நிமிடத்தில் தலை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் மூன்றரை மணி நேரம் குப்புறப் படுக்கை. வலி இல்லை, ஆனால் கழுத்தும் தாடையும் உளைந்தன. முகத்துக்கான அந்த வளையத் தலையணையை மாற்றியே ஆக வேண்டும், இதை அவர்களிடமும் சொன்னேன்.

முடிவில் எண்ணிக்கை எழுதிய தாளைக் கொடுத்தார்கள். ஒற்றை முடி 412, இரட்டை 1,180, மூன்று 486, நான்கு 62. மொத்தம் 2,140 கிராஃப்ட், 4,478 முடி. ஒற்றைகள் எல்லாம் முன்கோட்டில், கொத்தாக இருப்பவை பின்னால். இப்படிப் பிரித்து எழுதித் தரும் இடமாகப் பாருங்கள். வெறும் மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது.

முதல் ஏழு இரவு தலையை உயர்த்தி, ஏறக்குறைய உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். நட்ட முடி எதிலும் உரசக்கூடாது. மனைவி கழுத்துக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுத்தாள். நள்ளிரவில் நான் சரிந்திருக்கிறேனா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை உப்பு நீர்த் தெளிப்பு.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை. நெற்றியில் இருந்த நீர் இறங்கி இரண்டு இமையும் வீங்கியிருந்தன. பயந்துபோய் அழைத்தேன். "அது எல்லாருக்கும் வருவதுதான், இரண்டு நாளில் போய்விடும்" என்று எடுத்தவர் சொன்னார். போய்விட்டதும் உண்மை. எல்லாருக்கும் வருவது என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே? கையில் கொடுத்த நான்கு பக்கத் தாளில் வீக்கம் என்ற ஒரே சொல் இருந்தது, கண் மூடிப்போகும் என்று இல்லை. பொருக்கு விஷயம் இன்னும் மோசம். தாளில் பத்தாம் நாளிலிருந்து தேய்த்துக் கழுவலாம் என்று இருந்தது, நர்ஸ் ஏழாம் நாள் என்றார், அழைத்தால் வேறொருவர் பதினான்கு என்றார். நான் பத்தை எடுத்துக்கொண்டேன். மெல்ல மெல்ல உதிர்ந்தது, ரத்தம் வரவில்லை. ஒரே கிளினிக்கில் மூன்று பதில் வரக்கூடாது.

மூன்றாம் வாரத்தில் நட்ட முடி கொட்டத் தொடங்கியது. இது வரும் என்று தெரியும். முடி மட்டும் விழுகிறது, மயிர்க்கால் உள்ளே ஓய்வில் இருக்கிறது. தெரிந்திருந்தும், தலையணை உறையில் அவற்றைப் பார்த்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றரை மாதத்தில் முன்பக்க முடி அறுவைக்கு முன்பு இருந்ததைவிட மெலிந்துவிட்டது, பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது மாதங்கள்தான் கடினமானவை. தைரியம் சொல்ல எந்த அடையாளமும் இருக்காது, நாள்தான் போகும். மாதத்துக்கு ஒரு படம் மட்டும், ஒரே விளக்கில், ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். தினமும் பார்ப்பதை விட்டது எனக்கு உதவியது.

ஒன்பதாவது வாரம் சிறு சிறு கொப்புளங்கள் வந்தன. புது முடி தோலைத் துளைக்கும்போது இப்படி வருவதுண்டு. ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் சிவந்து சீழ் வைத்தது. படம் அனுப்பினேன். படத்தைத் திறந்தே பார்க்காமல் "நார்மல்" என்று இந்தக் கிளினிக்கின் ஆலோசகரிடமிருந்து பதில் வந்தது. மூன்று முறை கேட்டு, நான்காவது நாள்தான் டாக்டரிடம் போனது. அவர் பார்த்த அன்றே மருந்து எழுதினார், ஒரு வாரத்தில் ஆறியது. அந்த நான்கு நாளுக்காக நான் இன்னும் அவர்கள்மேல் வருத்தத்தில் இருக்கிறேன். அறுவை நாளில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், மூன்றாவது மாதத்தில் நோயாளியை வரவேற்பறைக்குக் கைமாற்றிவிடக்கூடாது. இரவில் அழைத்தால் ஒரு மருத்துவர் எடுக்கும் எண் உண்டா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நான்காவது மாதக் கடைசியில் மெல்லிய, சுருண்ட முடிகள் தெரிந்தன. ஆறாவது மாதம் சீப்புக்கு ஏதோ அகப்பட்டது. ஒன்பதாவது மாதம் முடிவெட்டுபவர் எதையும் கேட்காமல் முன்பக்கத்தைச் சீராக்கினார். பிடரியில் மரத்திருந்த இடத்துக்கு முழு உணர்வு வர ஐந்து மாதம் ஆனது. மழித்தால் பின்னால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அரை அங்குலம் வளர்ந்திருந்தால் தெரியாது. பிறந்தபோது இருந்த அடர்த்தி வரவில்லை. நட்டது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் அளவில்தான், வழுக்கை விழாத தலையில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். ஈரத் தலையோடு பளீர் விளக்கின் கீழ் நின்றால் தோல் தெரிகிறது. எனக்கு அது போதும். மாத்திரையும் மினாக்ஸிடிலும் தொடர்கின்றன. நட்டது நிற்கும், நடாத பழைய முடியைக் காப்பது அவைதான்.

பதின்மூன்றாவது மாதப் பரிசோதனைக்குப் போகும்போது அண்ணனும் கூட வந்தார். வழியில் எதுவும் சொல்லவில்லை, உள்ளே போனதும்தான் தனக்கும் பார்க்கச் சொன்னார். டாக்டர் அதே கருவியை அவர் பின்மண்டையில் நான்கு இடத்தில் வைத்தார். இந்த முறை ஐந்தாவது, ஆறாவது இடத்திலும் வைத்தார். மீதமிருந்த அந்த வளையத்திலேயே பாதிக்கு மேல் முடி மெலிந்து வருகிறது, எடுத்து நட்டால் நட்ட இடத்திலும் அது மெலியும் என்று திரையில் காட்டினார். அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற இடத்துல செய்வாங்களா டாக்டர்?"

"செய்வாங்க சார். நான் செய்ய மாட்டேன்."