பாலையூற்றுப் பாட்டுத் தவறணை

கள்ளு குடிக்கப் போகிறவர்கள் காலை 11 மணிக்கு முன் போய்விடுங்கள். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் பகல் 2 மணி வரைக்கும் போகலாம். அதற்குப் பிறகு போனால் இரண்டும் கிடையாது. கடைக்காரர் வாங்குகளைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்.

திருகோணமலை நகரத்திலிருந்து கண்டி வீதியில் போய் பாலையூற்றுப் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். இரண்டு ஒழுங்கைகள் சந்திக்கிற முடக்கில், கிடுகு வேய்ந்த பெரிய கொட்டில். பெயர்ப்பலகை இல்லை. அனுமதிப்பத்திர இலக்கம் எழுதிய தகரம் ஒன்றுதான் தொங்குகிறது. அனுராதபுரச் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் "பாட்டுத் தவறணை" என்றால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். திரும்பி வரும் வழியில் பொலிஸ் ஊதச் சொல்லும்.

நான் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். எந்தக் கடைக்குள் போனாலும் ஸ்பீக்கர் எங்கே தொங்குகிறது என்றுதான் கண் முதலில் தேடும். அதனால் இதில் சத்தத்தைப் பற்றிய கதை கொஞ்சம் கூடத்தான் வரும்.

உப்புவெளிக் கடற்கரையில் வெளிநாட்டவருக்கென்று நடத்துகிற சில கடைகளில் இரவானால் பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு கதைக்க முடியாது. ஆளுயரப் பெட்டிகளை மணலில் நிறுத்தி, அடிச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்திருப்பார்கள். நெஞ்சு அதிரும், பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று விளங்காது. கடல் இருபது அடியில் கிடக்கும், அதன் இரைச்சல் கேட்காது. முடக்குக் கடையில் இருப்பவை இரண்டே இரண்டு மரப்பெட்டிகள். எதிரெதிர் மூலையில், தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், முகத்தைச் சற்றுக் கீழே சரித்துக் கட்டியிருக்கிறார்கள். தகரக் கூரையாக இருந்தால் அந்தச் சத்தம் திரும்பி வந்து காதில் அறையும். கிடுகு அப்படிச் செய்வதில்லை, மிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் எந்த வாங்கில் இருந்தாலும் பாட்டும் கேட்கும், பக்கத்தில் இருப்பவரின் வீட்டுப் பிரச்சினையும் கேட்கும்.

அம்பிளிபயரின் சத்தத் திருகில் நெயில் பொலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டித் திருக யாருக்கும் அனுமதி இல்லை. "கொஞ்சம் கூட்டுங்கோ அண்ணை" என்று ஒரு பெடியன் கத்தினான். "சத்தம் காணும் தம்பி, நீ கதையைக் குறை" என்றார் கடைக்கார அண்ணை. என் தொழிலில் இப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. காசு தருகிறவர்கள் கூட்டச் சொன்னால் கூட்டிவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

அண்ணை பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த சமூகம். தகப்பனார் டொக்யார்டில் தச்சு வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அங்கே குவிந்து கிடந்த சாமான் பெட்டிகளின் பலகையில்தான் இந்த ஸ்பீக்கர் கூடுகளைச் செய்தாராம். இந்தக் கதையை அண்ணை வருகிறவர் எல்லோருக்கும் சொல்வார். கூட்டின் பின்பக்கத்தில் மங்கிய ஆங்கில எழுத்துகள் இன்னும் தெரிகின்றன, ஆகவே நம்பலாம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்கள் பிற்காலத்தவை. அதில் ஒன்றின் கடுதாசிக் கூம்பு ஓரத்தில் கிழிந்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. வயலின் உச்சத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் லேசாகக் கரகரக்கும். நான் மாற்றித் தருகிறேன் என்றேன். "கிடக்கட்டும்" என்றுவிட்டார்.

சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் பழுதாகாமல் பொலித்தீனுக்குள் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். சூரியா நிறுவனம் வெளியிட்ட 45 சுற்று இசைத்தட்டுகள் ஒரு வரிசை, 1970களின் தமிழ்ப் பொப் பாடகர்கள் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஒரு வரிசை, அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் தனியாக ஒரு மூலை. நரம்பில்லாத வயலின் ஒன்றும், தோல் தளர்ந்த றபான் என்ற கைப்பறை ஒன்றும் தொங்குகின்றன. இவ்வளவையும் கொழும்பில் ஏதாவது ஹோட்டலிலும் பார்க்கலாம், காசு கொடுத்தால் யாரும் மாட்டிவிடுவார்கள். இங்கே மட்டும் இருப்பது கல்லாப்பெட்டிக்குக் கீழே உள்ள லாச்சியில் கிடக்கிறது. பாலையூற்றுக் கலியாண வீடுகளில் உறவுக்காரர் வாசித்த கப்ரிஞ்ஞாவை, வீட்டு டேப் ரெக்கோடரில் பதிந்து வைத்த கசற்றுகள்.

கப்ரிஞ்ஞா கேட்டிராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு ஆறாக எண்ணி ஓடும் தாளம், வயலின் முன்னே போகும், கிட்டாரும் றபானும் பின்னால் துரத்தும். சொற்கள் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியில் இருக்கும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இன்று குறைவு, பெரும்பாலும் வயதானவர்கள். தமிழும் சிங்களமும் ஆடித் தீர்க்கிற பைலாவுக்கு வேர் இதில்தான் இருக்கிறது. அந்தக் கசற்றுகளில் பாட்டுக்கு நடுவே கோப்பை விழுந்து உடைகிறது, யாரோ ஒரு ஆச்சி சிரிக்கிறார், குழந்தை அழுகிறது. ஒலிப்பதிவு என்று பார்த்தால் பத்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் இவ்வளவு உயிரோடு ஒரு வயலினை நான் எந்த ஸ்ரூடியோத் தட்டிலும் கேட்கவில்லை. இவற்றைக் கணினியில் ஏற்றி வையுங்கள் அண்ணை, பூஞ்சணம் பிடித்தால் போச்சு என்று நச்சரித்து வருகிறேன். இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இளகி வருகிறார்.

இனிக் கள்ளு.

பனை சீவும் காலத்தில் பனங்கள்ளு, மற்ற மாதங்களில் தென்னங்கள்ளு. இரண்டும் அன்றன்று காலையில் மரத்திலிருந்து இறங்குவதுதான். சீவல்காரர் முட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அண்ணை பன்னாடையில் வடித்து, செத்த தேனீக்களையும் தும்பையும் எடுத்துவிட்டுப் பெரிய பானையில் ஊற்றுவார். குளிர்ப்பெட்டி இல்லை, வாயு ஏற்றுவதில்லை, சீனி கலப்பதில்லை. பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீராகவே நிற்கும். பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். கீழே இறங்கிய பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. 9 மணிக்கு வாயில் இனிப்பு முந்தும், நாக்கில் சின்னதாக நுரை குத்தும். 10 மணிக்கு இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி, எனக்குப் பிடித்த நேரம் அது. நண்பகலுக்குப் பிறகு புளிப்பு ஏறி மணமும் மாறும். அடுத்த நாளைக்கு வைத்தால் வினாகிரிப் பக்கம் போய்விடும். தொழிற்சாலையில் சூடாக்கிப் போத்தலில் அடைத்து வருகிற கள்ளு மாதக்கணக்கில் ஒரே சுவையில் இருக்கும். அதைக் குடித்துப் பழகியவர்களுக்கு முட்டிக் கள்ளு முதலில் ஒரு மாதிரியாகத்தான் தெரியும்.

லண்டனிலிருந்து லீவில் வந்த என் மச்சானையும் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் அங்கே தன் தெரு முடக்கில் இருக்கும் பப்பில் ரியல் ஏல் என்ற பழைய முறைப் பியர் மட்டுமே குடிக்கிறவன். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து இரண்டாம் தடவை நொதிக்க வேண்டும், வெளியிலிருந்து வாயு சேர்க்கக் கூடாது, நிலவறையில் 11 முதல் 13 பாகை குளிரில் வைத்துக் கைப்பம்பால் இறைக்க வேண்டும், பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று பெரிய பாடமே நடத்தினான். இதைக் காப்பாற்றுவதற்காகவே காம்ரா என்று ஒரு இயக்கம் 1971இல் தொடங்கினார்களாம். பெரிய கம்பனிகள் வடிகட்டி, சூடாக்கி, வாயு அடைத்த பியரை எல்லா இடத்திலும் ஊற்றத் தொடங்கியதுதான் காரணம். அந்த ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போடுகிற வழக்கமும் உண்டு என்றான். பக்கத்து வாங்கில் இருந்த கடற்தொழிலாளர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளைக்காரன் குடிக்கிறதிலயும் எங்கட மீன்தான்" என்று அடித்துச் சிரித்தார்கள்.

நான் என் பங்குக்கு இலங்கைக் கதையைச் சொன்னேன். நுவரெலியாவில் வடித்த லயன் ஸ்டவுட் ஒரு காலத்தில் கண்டியில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால்தான் இறைத்துக் கொடுக்கப்பட்டது. மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் எழுத்தாளர் அதைத் தேடி வந்து குடித்து எழுதியிருக்கிறார். பாட்டுக்கார மைக்கல் ஜாக்சன் அல்ல, அவர் வேறு. மச்சான் முதலில் நம்பவில்லை. பிறகு தன் பானத்தை முகர்ந்து பார்த்து, மூன்று நாள் அவகாசம் உள்ள ஏலுக்கே அங்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம், இதற்கு ஆறு மணி நேரம்கூட இல்லையே என்றான். அவன் மனைவி பின்விறாந்தையில் அண்ணையின் மனைவியோடு இருந்து பாதிக் கிளாஸ் குடித்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குடும்பமாகப் போகிறவர்கள் அந்த விறாந்தையைக் கேட்டு வாங்கலாம், அங்கேயும் பாட்டு நன்றாகக் கேட்கும்.

இந்தக் கடையில் மணிக்கூடு தேவையில்லை. திறந்ததும் கப்ரிஞ்ஞாக் கசற்று. பானையில் புளிப்பு ஏறத் தொடங்கும்போது பொப் பாட்டு. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று காலைப் பிடித்துக் கெஞ்சும் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதைத்தான் எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் பாடுகிறார்கள். ஜிம் ரீவ்ஸ் தொடங்கினால் பானை அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பழகியவர்கள் அந்தக் குரல் கேட்டதும் இன்னொரு கிளாஸ் கேட்பதில்லை. கேட்டாலும் அண்ணை கொடுக்கமாட்டார், நாளைக்கு வரச் சொல்வார். மிஞ்சியது வினாகிரிச் சாடிக்குப் போகும். அந்த வினாகிரியில் ஊறிய பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் அடுத்த நாள் கறிக்குப் பக்கத்தில் வரும், விடாதீர்கள்.

சாப்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் எப்போதும் உண்டு. சூடை மீன் கிடைத்த நாளில் தாச்சியில் மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், தலையோடு கடித்துச் சாப்பிடலாம். கணவாய்ப் பிரட்டலில் மிளகு தூக்கல், கள்ளுக்கு அது சரி. ஒரு நாள் கணவாய் ரப்பராக இருந்தது, சொன்னதும் மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கள்ளு ஒரு போத்தல் 250 ரூபா, மரவள்ளித் தட்டு 150. கடற்கரையில் ஒரு பியருக்குக் கொடுக்கிற காசில் இங்கே இரண்டு பேர் வயிறு நிறைந்து எழும்பலாம்.

குறைகள் உண்டு. கழிப்பறை பின்பக்கம் கிணற்றடியைத் தாண்டி இருக்கிறது, கதவுக்குக் கொளுக்கி இல்லை, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கோடையில் காற்று உள்ளே வராது, இருக்கிற ஒரேயொரு காற்றாடி கல்லாப் பக்கம்தான் திரும்பி நிற்கிறது. தேனீ தொல்லை செய்யும், கிளாஸைக் கையால் மூடிப் பிடித்துக் குடிக்கப் பழகுங்கள். சனிக்கிழமை போகாமல் விடுவது நல்லது. நேரத்துக்கு இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பாட்டைவிட ஆட்களின் சத்தம் கூட. பாட்டு விருப்பம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு கொப்பி தொங்குகிறது. அதில் எழுதி வைத்த பாட்டு எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. அண்ணை தனக்குப் பிடித்ததைத்தான் போடுகிறார்.

போயா (முழுநிலா) தினங்களில் பூட்டு. பெரிய மழை நாளில் சீவல்காரர் மரம் ஏறமாட்டார், அன்றும் வீணாக அலைய வேண்டாம்.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் போத்தலை வாய்வரை நிரப்பாமல், மூடியை இறுக்காமல் கொண்டுபோங்கள். அண்ணை ஓலை நறுக்கைச் சுருட்டித்தான் அடைத்துத் தருவார், அதையே விட்டுவிடுங்கள். என்னோடு வந்த ஒருவர் கவனமாக இருக்கிறேன் என்று திருகுமூடியால் இறுக்கி மடியில் வைத்திருந்தார். ஓட்டோ நகரத்துக்குள் வந்ததும் மூடி கூரையில் அடித்தது. சாரதியின் முதுகு முழுக்கக் கள்ளு, கழுவுகிற காசும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.