லாக்கர் என்று சொல்லி வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள்: பழைய ஸ்டார் கியரைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஜீப்புக்கு லாக்கர் (இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுகிற பொருள்) போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு 46,000 ரூபாய் போன பிறகுதான் புத்தி வந்தது.

என் வண்டி பழைய மஹிந்திரா எம்எம்540. பியூஜோ டீசல் எஞ்சின், குட்டை வண்டி. மேட்டில் ஏறும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் போதும், அது மட்டும் காற்றில் சுற்றும். மண்ணில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். எஞ்சின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற கியர் தொகுப்புதான் டிஃபரன்ஷியல்; சாதா டிஃபரன்ஷியலின் குணம் அது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் பங்கிடும். ஒரு பக்கம் பிடிமானம் பூஜ்யம் என்றால் மறுபக்கத்துக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். 2015-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பில் பின்பக்கத்துக்கு மெக்கானிக்கல் லாக்கரைக் கம்பெனியே கொடுத்தது. எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள் வெளியே அலையத்தான் வேண்டும்.

எதைப் போடுவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காற்றழுத்தத்தில் பூட்டுகிற ஏர் லாக்கர்தான் ராஜா. ஸ்விட்சைத் தட்டினால் பூட்டும், தட்டினால் விடும். ஆனால் கம்ப்ரஸர், டியூப், கிரவுன் பினியனை (டிஃபரன்ஷியலைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கர ஜோடி) கழற்றித் திரும்ப செட் செய்கிற வேலை என்று கணக்குப் போட்டால், பாதி ஜீப்பின் விலை வந்து நின்றது. எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்பது கிளட்ச் பிளேட் வைத்தது, முழுசாகப் பூட்டாது. சேற்றுக்கு நல்லது, சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அவ்வளவாக உதவாது. கடைசியில் லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்று முடிவு செய்தேன். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியனையும் (ஸ்டார் கியர் என்பதும் இதுதான்) சன் கியரையும் எடுத்துவிட்டு, அதே இரும்புக் கூட்டுக்குள் இந்தப் பல்துண்டுகளை உட்காரவைப்பார்கள். கிரவுனைத் தொட வேண்டியதில்லை. எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் மட்டும் வெளிச்சக்கரம் பல்லைத் தாண்டி 'டக் டக்' என்று முன்னே ஓடிக்கொள்ளும். இந்தத் தேர்வில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தப்பு ஆளில்.

கோவைக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் எழுதப் போவதில்லை. ஓனர் விஷயம் தெரிந்தவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். போனில் லாக்கரின் படத்தைக் காட்டினார். "பொருள் 38, கூலி 8, நாலு நாள்ல வண்டி ரெடி சார்" என்றார். 15,000 ஜிபேயில் அனுப்பினேன், மீதி ரொக்கம். பில் கேட்டதற்கு, "இம்போர்ட் ஐட்டம் சார், பில் போட்டா டாக்ஸ் ஏறும்" என்று ஒரு சிரிப்பு. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்கு நானே என்னை அறைந்துகொள்ள வேண்டும்.

வண்டி எடுக்கப் போன அன்று இரண்டு கேள்வி கேட்டேன். பெட்டி எங்கே? "கிழிஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க." பழைய ஸ்டார் கியர், சன் கியர் எங்கே? "ஸ்கிராப்ல போயிருச்சு சார், அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" அப்புறம் அவரே முந்திக்கொண்டு சொன்னார்: "திரும்பும்போது கொஞ்சம் சத்தம் வரும், ஸ்டியரிங் இழுக்கும், டயர் கத்தும். எல்லாம் லாக்கர் குணம், பயந்துக்காதீங்க." இதுதான் கெட்டிக்காரத்தனம். லஞ்ச்பாக்ஸ் லாக்கரில் இதெல்லாம் ஓரளவுக்கு உண்மைதான் என்பதால், நான் படித்து வைத்திருந்ததே எனக்கு எதிராக வேலை செய்தது.

அடுத்த வாரம் வால்பாறை கிளம்பினோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவிலேயே உள்பக்க டயர் 'கீச்' என்று இழுத்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின்டயரிலிருந்து ரப்பர் வாடை. ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. 'டக் டக்' மட்டும் கேட்கவே இல்லை. மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இது லாக்கர் குணமா, இல்ல வண்டிக்கு வந்த கெட்ட குணமா?" என்றான். சிரித்துச் சமாளித்தேன்.

பிற்பாடு வீட்டில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே நாலேகால் அடி. வளைவை அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால், உள்சக்கரத்தைவிட வெளிச்சக்கரம் பதின்மூன்று அடிக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். நாற்பது வளைவுக்கு ஐந்நூறு அடிக்கு மேல். ஓட விடவில்லையென்றால் அத்தனை அடியும் ரப்பரைத் தார் ரோட்டில் தேய்க்க வேண்டியதுதான், இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட்டை முறுக்க வேண்டியதுதான். என் வண்டி இரண்டையும் செய்திருக்கிறது.

இறங்கும்போது பொள்ளாச்சியில் எங்கள் பழைய மெக்கானிக்கிடம் விட்டேன். அறுபதைத் தாண்டிய மனிதர், ஆஃப்ரோடு என்ற வார்த்தையையே கேலியாகத்தான் சொல்வார். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கினார். முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டார். "தம்பி, அந்தப் பக்கச் சக்கரத்தை அசையாமப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கியர் இடைவெளிக்கு ஒரு சின்ன ஆட்டம், அவ்வளவுதான்.

பின்மூடியைக் கழற்றினார். ஆயில் மை மாதிரி கறுப்பாக வழிந்தது. அடியில் விரலை விட்டுத் துழாவி எடுத்து உள்ளங்கையில் காட்டினார்: கடுகு அளவில் உருண்டை உருண்டையாக வெல்டிங் சிதறல். டார்ச் அடித்தால், என் பழைய ஸ்டார் பினியனும் சன் கியரும் போட்டது போட்டபடி அங்கேயே இருக்கின்றன. பல்லுக்குப் பல் வெல்டிங் ராடால் ஒட்டி ஒரே கட்டியாக. தேய்த்துக்கூட விடவில்லை. பழைய கியரைத் திருப்பிக் கொடுக்க முடியாத காரணம் அப்போதுதான் புரிந்தது.

"லாக்கரும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. நூறு ரூபா ராடு" என்றார். ஷாஃப்ட்டை உருவியபோது உள்முனைப் பற்கள் நேராக இல்லாமல் லேசாகத் திருகியிருந்தன. இன்னும் இரண்டு மலை ஏறியிருந்தால் முறிந்திருக்கும். மழையில் அந்தக் குட்டை வண்டி வளைவில் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

வெல்டிங் அடிப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேற்றில் மட்டும் ஓட்டுகிற போட்டி வண்டிகளில் தெரிந்தே செய்கிறார்கள். அதைச் செய்துவிட்டு லாக்கர் காசு வாங்குவதுதான் திருட்டு.

ஓனருக்கு போட்டோ அனுப்பினேன். பதில்: "ஸ்டக் ஆகாம ஏறுச்சா இல்லையா சார்?" நேரில் போனபோது, பையன்கள் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்றார். ஒரு மணி நேரம் கத்தியதில் 12,000 திரும்பி வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் ஜிபே ரசீதைத் தவிர ஒன்றும் இல்லை, அதிலும் 'அட்வான்ஸ்' என்றுதான் இருக்கிறது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கியர் செட்டும் ஒரு ஷாஃப்ட்டும் தேடி வாங்கி, வண்டி மறுபடி சாதா டிஃபரன்ஷியலோடு நிற்கிறது.

அடுத்த தடவை லாக்கரை நானே வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூடி போடுவதற்கு முன் நான் அங்கே நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் வீடியோ வேண்டும். பழைய கியர்கள் எண்ணிக்கை குறையாமல் என் பைக்கு வர வேண்டும். ஏர் லாக்கர் போன்றவற்றில் கூட்டே மாறிவிடும் என்பதால் பழைய கூடு முழுசாக வர வேண்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், மூடியைக் கழற்றாமலே பொள்ளாச்சிக்காரர் செய்ததைச் செய்து பாருங்கள். நான்கு சக்கர டிரைவை விலக்கி, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, கியரில் போடுங்கள். லஞ்ச்பாக்ஸ் என்றால், ஒரு சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை எதிர்ப்பக்கம் சுற்றும்போது 'டக் டக்' என்று ஓடும். முன்னும் பின்னுமாக எப்படிச் சுற்றினாலும் கல் மாதிரி நின்றால் மூடியைத் திறந்துவிடுங்கள். இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்தைப் பிடிக்க ஒரு ஆள், பத்து நிமிஷம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்க இன்னும் ஐந்து நிமிஷம்.