ஏரிக்கரைக் கடை ‘டமாஸ்கஸ்’ கத்தி: பிடியைப் பிளந்தால் உள்ளே என்ன

கொடைக்கானல் ஏரிப் பக்கத்துக் கடை ஒன்றில் ‘கையால் அடித்த டமாஸ்கஸ்’ (இரும்பை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்து, அலைக்கோடு வரவைக்கும் ரகம்) என்று 2,800 ரூபாய்க்கு விற்ற கத்தி இது. மடக்காத ரகம். நாலு அங்குல அலகு, ஈட்டி மரப் பிடி, தோல் உறை. மூன்றே வாரத்தில் பிடி ஆட ஆரம்பித்தது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, “அது ஷோவுக்கு சார், வெட்டுறதுக்கு இல்ல” என்று பதில். பில்லில் இருந்தது ‘பேன்ஸி ஐட்டம்’ மட்டும்தான். மேற்கொண்டு பேச வழியில்லை. ஸ்டீலின் பெயரை பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பிடியைப் பிளந்தால் அலகின் வால், அதாவது பிடிக்குள் போகும் பகுதி, ஒன்றரை அங்குலத்தோடு முடிந்துவிட்டது, பென்சில் தடிமனில். மீதி முழுக்கப் பசையும் மரத்தூளும். வெளியே மின்னிய மூன்று பித்தளை ஆணிகளில் இரண்டு வாலைத் தொடவே இல்லை. இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சின்னக் காந்தம் ஒன்றைப் பிடியின் அடிப்பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். இழுப்பு எங்கே விடுகிறதோ, வால் அங்கே முடிகிறது. பிடியில் முக்கால் பங்காவது போகவேண்டும்.

அடுத்தது அந்த அலை அலையான கோடுகள். உண்மையான டமாஸ்கஸில் கோடு முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். இதில் முதுகு வழுக்கை. பக்கங்களில் அச்சடித்த கோலம். ‘உப்புத்தாள் போட்டால் போலி அழியும்’ என்பார்கள், நம்பவேண்டாம். அசலும் தேய்த்தால் மங்கும், பெர்ரிக் குளோரைடு என்ற அரிக்கும் ரசாயனத்தில் முக்கினால்தான் திரும்பத் தெரியும். எப்படியும் முதல் கத்திக்கு டமாஸ்கஸ் வீண் செலவு.

அலகில் ‘440’ என்று முத்திரை. 440 என்பது துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம், அதில் ஏ, பி, சி என மூன்று உண்டு. கூரை நிற்கவைக்கும் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருப்பது சி மட்டும். எழுத்தில்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. பிடியை ஒட்டிய கூரில்லாத இடத்தில் சின்ன அரம் வைத்தபோது ஆணியை ராவுவதுபோல் பொடி உதிர்ந்தது. சரியாகத் துவைச்சல் போட்ட (பழுக்கக் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்கிய) இரும்பில் அரம் கண்ணாடிமேல் போல வழுக்கும்.

தடிமன் 5 மில்லிமீட்டர். பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் கேரட்டை நறுக்காது, ‘டக்’கென்று பிளக்கும். தினப்படி வேலைக்கு இரண்டரை முதல் 3 மில்லி போதும். அடிவாரத்தில் தெரிந்த கொல்லுப்பட்டறை இருந்தால் இந்த அளவைச் சொல்லி அடித்து வாங்குங்கள், பளபளப்பு இருக்காது, கூர் நிற்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தால் மட்டும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறையில் இரண்டு தோலுக்கு நடுவே வைக்கவேண்டிய மூன்றாவது பட்டையே இல்லை. கூர் நேராக நூலை அறுத்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிட்டது. இடுப்பில் இருக்கும்போது இது நடந்தால் தொடையில்தான் இறங்கும். தோல் பனி ஈரத்தை விடாது. கார்பன் இரும்பை அதில் போட்டுவைத்தால் காலைக்குள் துரு. துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி வெளியே வையுங்கள். இந்தக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும், விரலால் தேய்த்தால் போதும்.

நாலு அங்குலம் என்பதால் காட்டுக்குள்ளும் கொண்டுபோகலாம் என்று அந்தக் கடையில் சொன்னது தவறு. 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகை ஆயுதமாக எண்ணும் ஆயுத விதிகளின் கணக்கு வேறு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. கொடைக்கானலைச் சுற்றிய காடுகளில் பெரும்பகுதி சரணாலயம்தான். அங்கே கிளம்பும் நாளில் கத்தி அறையிலேயே இருக்கட்டும்.