“உங்கள் பிறவிக்குணம் இதுதான்” என்று அறிக்கை தரும் ஆளுமைச் சோதனை: 11 வருட இடைவெளியில் இரண்டு முறை எழுதிய அனுபவம்

இந்த இணைய ஆளுமைச் சோதனையை நான் இரண்டு முறை காசு கட்டி எழுதியிருக்கிறேன், முதலில் 23 வயதில், அப்புறம் 34 வயதில். எழுதிய அன்றே மதிப்புரை போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் இத்தனை வருடம் கழித்து அதே கேள்விகளுக்குத் திரும்ப உட்கார்ந்த யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி அறிக்கை விற்கும் சேவைகள் ஏராளம், நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன், அந்த இரண்டரையும் கேள்விகளுக்கு.

சரி, கேள்விகள். மொத்தம் 120. ஒவ்வொன்றுக்கும் ‘துளியும் பொருந்தாது’ என்பதிலிருந்து ‘முழுக்கப் பொருந்தும்’ வரை ஐந்து பதில்கள். உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் ஐந்து பண்புகளைத்தான் இதுவும் அளக்கிறது: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை (நாலு பேரோடு கலந்து பழகும் குணம்), இணக்கம், மனச் சஞ்சலம். ஆட்களை 16 வகையாகப் பிரித்து ஆளுக்கு நான்கு எழுத்து கொடுக்கும் பிரபலமான சோதனையைவிட இது எவ்வளவோ மேல். பெரும்பாலோர் இந்தக் கோடியிலும் இல்லை அந்தக் கோடியிலும் இல்லை, நடுவில்தான் இருக்கிறோம், நடுவில் இருப்பவரை ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஏதோ ஒரு பெட்டிக்குள் தள்ளினால் அடுத்த மாதம் எழுதும்போது வகையே மாறிவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. தமிழாக்கம்தான் மோசம். “விருந்துகளின் உயிர் நான்தான்” என்று ஒரு வாக்கியம். நாலு பேர் கூடிய இடத்தில் கலகலப்பாக இருப்பீர்களா என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன், இதை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

கேள்விகள் முடிந்து அறிக்கை வரும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் “உங்கள் பிறவிக்குணம்”. அதன் கீழே, இது வாழ்நாள் முழுவதும் உங்களோடு இருக்கும், இதற்கேற்ற வேலையையும் துணையையும் தேர்ந்தெடுங்கள் என்று அறிவுரை.

23 வயதில் அதைப் படித்தபோது நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து தெரியாத ஊருக்கு வந்து ஒரு அறையில் தனியாக இருந்தேன். சில வாரங்களில் கடைக்காரரிடம் சில்லறை கேட்டதைத் தவிர யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்க மாட்டேன். அந்த நிலையில் எழுதினால் என்ன வரும்? புறமுகத்தன்மை அடிமட்டம், மனச் சஞ்சலம் உச்சம். மதிப்பெண் தவறில்லை, அன்றைய என்னை அது சரியாகவே அளந்தது. ஆனால் தனிமையின் அளவை என் பிறவியின் அளவு என்று பெயரிட்டுக் கொடுத்தார்கள், நானும் நம்பினேன். குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னபோது மறுத்தேன். கூப்பிட்ட இடங்களுக்குப் போகவில்லை. எனக்கு இதெல்லாம் ஒத்து வராது, சோதனையே சொல்லிவிட்டது என்று நாலைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த அறிக்கை மேல் எனக்கு இருக்கும் கோபம் முழுக்க அந்த வருடங்களைப் பற்றியது.

அப்புறம் வேறு வழியில்லாமல் வாடிக்கையாளர் உதவித் தொலைபேசியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வயிற்றைப் பிசையும். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த அக்கா ஒருவர், நான் ஒவ்வொரு அழைப்பை முடித்ததும், “நல்லாத்தான் பேசினே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஒரு வருடத்தில் கோபமாகக் கூப்பிடுகிறவர்களை என்னிடம் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். பிறகு கல்யாணம், மகள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தது. இதெல்லாம் ஆன பிறகு, ஒரு ஆர்வத்தில் இரண்டாவது முறை எழுதினேன். புறமுகத்தன்மை நடுவுக்கு மேல். மனச் சஞ்சலம் பாதிக்குக் கீழ். அறிக்கையின் முதல் பக்கத்தில் மட்டும் அதே வாசகம், “உங்கள் பிறவிக்குணம்”.

எது பிறவி என்று உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டில் ஒரு முறை கவனக்குறைவாகப் பதில் சொல்லியிருப்பீர்கள் என்று பதில் வந்தது. ஒரு மனுஷி மாறியிருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. ஒரு நட்சத்திரம் அந்தப் பதிலுக்காகவே குறைந்தது.

இந்தத் துறையில் தெரிந்த விஷயங்களை அவர்களே படித்திருந்தால் அப்படிப் பதில் எழுதியிருக்க முடியாது. முப்பது வயதுக்குள் குணம் சுண்ணச்சாந்து போல இறுகிவிடும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியது 1890இல். ஆனால் 2006இல் உளவியல் ஆய்வாளர் பிரென்ட் ராபர்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும், ஒரே ஆட்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வும் மன நிதானமும் குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் கூடிக்கொண்டே போவதைக் கண்டார்கள். முதல் வேலை, துணை, குழந்தை என்று அடுத்தவர் நம்மை நம்பத் தொடங்கும் வயது அதுதானே. ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், முதன்முறையாக நிலையான துணை அமைந்தவர்களுக்குப் பதற்றமும் கூச்சமும் குறைந்தன. எல்லா மாற்றமும் நல்ல திசையில்தான் என்றும் சொல்ல முடியாது. அதே நாட்டில் இராணுவப் பயிற்சிக்குப் போன இளைஞர்கள், அதற்குப் பதிலாகப் பொதுச்சேவைக்குப் போனவர்களைவிட இணக்கம் குறைந்தவர்களாகத் திரும்பினார்கள், ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் போகவில்லை.

பிறவிக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது. என் மகளும் தம்பி மகனும் ஒரே வீட்டில் ஒரே மாதிரி வளர்ந்தும் முதல் மாதத்திலிருந்தே இரண்டு விதம்தான். மீதிப் பாதிக்கு இந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் குறை. குழந்தைப் பருவம் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வருகிறது, குணம் அப்போதே முடிவாகிவிட்டது என்று. சின்ன வயது முக்கியம், மறுக்கவே முடியாது. ருமேனியாவில் அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருடம் கவனித்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளவும் நம்பவும் கற்றுக்கொண்டார்கள், இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அந்த வயதில் கிடைக்காமல் போனதை முழுக்க ஈடுகட்டுவது கடினம் என்று அதிலிருந்து தெரிகிறது, தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வந்தால் குழந்தை மாறுகிறது என்பதும் தெரிகிறது. “முடிவாகிவிட்டது” என்ற ஒற்றைச் சொல்லில் இதெல்லாம் எங்கே அடங்கும்?

மதிப்பெண்ணைக் காட்டும் விதத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது, பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். உங்கள் மதிப்பெண்ணை உங்கள் வயதுக்காரர்களோடு மட்டும் ஒப்பிட்டு, நூறு பேரில் நீங்கள் எத்தனையாவது என்று பட்டையாகக் காட்டுகிறார்கள். எனக்குப் பொறுப்புணர்வுப் பட்டை இரண்டு அறிக்கையிலும் ஏறக்குறைய ஒரே நீளம். பதில்களை நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 11 புள்ளி கூடியிருக்கிறது! என் வயதுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஏறியிருப்பதால் பட்டை மட்டும் அசையாமல் நிற்கிறது, பார்க்கிறவர் நான் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்வார். மொத்தப் புள்ளியையும் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

இதில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது, நம்மைத் தெரிந்த ஒருவரை நம்மைப் பற்றி எழுதச் சொல்லும் வசதி. என் கூடப் பிறந்த அக்காவையும் அலுவலகத் தோழியையும் எழுதச் சொன்னேன். அக்காவின் பதில்களில் நான் பயந்தாங்கொள்ளி, தோழியின் பதில்களில் துணிச்சல்காரி. இருவருமே பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அக்கா பக்கத்தில் இருந்தால் இன்றைக்கும் நான் பத்து வயதுப் பெண்தான், பேசும் குரல்கூடச் சின்னதாகிவிடும். அடுத்தவர் கண்ணில் தெரியும் நம்மைப் பார்த்துத்தான் நாம் நம்மை உருவாக்கிக்கொள்கிறோம் என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இலேயே சொன்னார். இந்தச் சேவை மூன்று பேரின் பதில்களையும் வைத்துக்கொண்டு அவற்றின் சராசரியை மட்டும் தருகிறது. யாரோடு இருக்கும்போது எப்படி இருக்கிறோம் என்று தனித்தனியாகக் காட்டியிருந்தால் நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

இணையதளம் வேகமாக வேலை செய்கிறது, அறிக்கையைத் தரவிறக்கிக்கொள்ளலாம், அதில் குறை இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்க இதை மட்டும் நம்பாதீர்கள். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர்களைப் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம், அந்த வயதில் “நீ இப்படித்தான்” என்று அச்சடித்த தாளில் வந்தால் பிள்ளை அதை நம்பிவிடும். தன்னைப் பற்றி யோசிக்க ஒரு சாக்கு வேண்டும் என்கிற பெரியவர்கள் தாராளமாக எழுதிப் பாருங்கள். எழுதியதும் அறிக்கையின் ஓரத்தில் தேதியையும், அப்போது யாரோடு இருக்கிறீர்கள், யாரோடு வேலை செய்கிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். நான் என் இரண்டு அறிக்கைகளிலும் இப்போதுதான் எழுதி வைத்தேன். இரண்டாவதில் ஓரம் முழுக்கப் பெயர்கள். முதலாவதில் எழுத யாரும் இல்லை, அறை எண்ணை மட்டும் எழுதினேன்.