மூணாறு லயத்தில் ஒரு 5 லிட்டர் குக்கர்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அலுமினியம், வெளிமூடி, 5 லிட்டர். சங்கரன்கோவிலில் அம்மா கல்யாணச் சீரோடு வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கர் இது. அன்று தொடங்கி இன்றுவரை மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் அடுப்படியில் தினமும் ஏறி இறங்குகிறது. பெட்டியைப் பிரித்த வாரமே எழுதப்படும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. வருஷக்கணக்காகப் புழங்கிய பிறகு ஒரு குக்கர் எப்படி இருக்கும், அதிலும் மலைமேல் எப்படி உழைக்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூணாறு டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். அதனால் இங்கே 95 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும், பாத்திரத்துக்குள் துவரம்பருப்பு மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும். நான் வந்த புதிதில் அத்தை சொன்னது இதுதான்: "கொதிக்கிறதப் பாத்து இறக்கிராத தாயி. ஊர்ல நாலு விசில்னா இங்க அஞ்சு."

குக்கர் இருந்தாலும் மலையின் கணக்கு முழுசாக மாறாது. உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தில்தான் வெயிட் தூக்குகிறது. சமவெளியில் குக்கருக்குள் 121 டிகிரி வரை சூடு ஏறும். வெளியே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே நிற்கும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 சதவீதம் நேரம் கூட்டச் சொல்வார்கள். மூணாறு ஏறக்குறைய 5,000 அடி; அப்படிப் பார்த்தால் கீழே 20 நிமிஷம் பிடிப்பது இங்கே 23 நிமிஷம். அத்தையின் கணக்கு அதைவிடத் தாராளம். ரேஷனில் தரும் தடித்த சிவப்பு மட்டை அரிசிக்கு அதுதான் சரியாக வருகிறது. விசிலை எண்ணுவதைவிட, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல் என்பது என் முடிவு. ஆவி நேராகச் சீறி வந்த பிறகே வெயிட்டைப் போட வேண்டும். பருப்பென்றால் குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நுரைத்து வந்து குழாயை அடைத்துவிடும்.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். ஒரு வீட்டு விசில் வரிசை முழுக்கக் கேட்கும். யார் வீட்டில் காலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், யார் வீட்டில் கறி வேகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம். ஒருநாள் சாயங்காலம் உடுமலையிலிருந்து மறையூர் வழியாக, முன்கூட்டிச் சொல்லாமல் என் பெரியப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார். வடித்த சோறு எங்களுக்கே அளவுதான். குக்கரை மறுபடி ஏற்றினேன். அரிசி இறங்கி, பருப்பும் ஏறி விசிலடித்ததும் பக்கத்து வீட்டு மதினி கொடியிலிருந்த துணியைக்கூட எடுக்காமல் வந்து வாசலில் நின்றார்.

"ஏ மதினி, இந்நேரத்துல ரெண்டாந்தரம் விசில் கேக்குதே, யாரு வந்திருக்கா?"

சொன்னதும் திரும்பிப் போனவர், பொரித்த நெத்திலிக் கருவாடும் ஒரு கிண்ணம் ரசமுமாக வந்தார். அதற்குப் பிறகு அப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கிறது; நானும் விசிலைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். குக்கர் வாங்கும்போது இந்த வசதியை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதம் கேட்டு எஸ்டேட் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தோம். பொம்பிளை ஒருமை என்று ஊரெல்லாம் பேசிய அந்தப் போராட்டம் ஒன்பது நாள் நடந்தது. அதுவரை என் வீட்டுக்காரர் கட்டன் காபிகூடப் போட்டவரில்லை. ரெண்டாம் நாள் மத்தியானம் கோஷத்துக்கு நடுவே போன் வந்தது. "புஸ்ஸுன்னு ஆவியா வருது, வெயிட்ட இப்பப் போடவா, பொறவு போடவா?" பக்கத்திலிருந்த அக்காமார் எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்து ஆளாளுக்கு வழி சொன்னார்கள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தால் சோறு குழைந்திருந்தது, பருப்பு நன்றாக வெந்திருந்தது. பிள்ளைகள் ரெண்டும் சாப்பிட்டுத் தூங்கியிருந்தன. எனக்கும் அத்தைக்கும் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார். போராட்டம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவர் விடவில்லை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் இப்போது என்னைவிட அவருக்கே நன்றாக வரும். இத்தனை வருஷம் கூட இருந்தும் அவருக்குள் அந்தக் கை இருந்தது எனக்குத் தெரியாது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடி எஸ்டேட்டில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். கரண்டும் போனும் இல்லாத மழை ராத்திரி; விடிந்த பிறகுதான் வெளியே சேதி வந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் சொந்தங்களைப் பறிகொடுத்திருந்தார்கள். அந்தக் காலையில் எந்த வீட்டிலிருந்தும் விசில் சத்தம் வரவில்லை. முதலில் என் கதவைத் தட்டியவர், தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அந்த வீட்டாரோடு பல மாதமாகப் பேசாமலிருந்த ஓர் அக்கா. "உன் குக்கரக் குடு. என்னோடது சின்னது, அம்புட்டுப் பேருக்குக் காணாது" என்றார். பொடியரிசிக் கஞ்சி வைத்து, ஈரத்துணியால் பிடித்து, சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனார். தேடல் நடந்த நாளெல்லாம் அங்கே காலைக் கஞ்சி அவருடையதுதான். மத்தியானத்துக்கு, ரேஷன் கடைக்கு எதிரே இருக்கும் மலையாளச் சேச்சி பயறு தோரனும் சோறும் கொண்டுவந்தார். யாரும் முறை வைத்துப் பிரித்துக் கொள்ளவில்லை. குழாய்ச் சண்டையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயெடுக்கவில்லை.

இனி பராமரிப்பு. டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்லின்மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் கேஸ்கட் விறைத்து மூடி பிடிக்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் இளகிவிடும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறதென்று ஒரு கடையில் தந்த மலிவான கேஸ்கட், மாதம் முடியுமுன் பக்கவாட்டில் ஆவியைக் கக்கியது. கேஸ்கட்டிலும் சேஃப்டி வால்விலும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். வால்வு ஒருதரம் உருகிப் போனால் அதைக் குச்சியாலும் துணியாலும் அடைக்கவே கூடாது, புதிதுதான் போட வேண்டும். உள்ளே கறுத்துப் போனால் ஒரு துண்டு புளியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாலே போதும்.

மாவு புளிக்காத குளிர்காலத்தில் இன்னொரு உபயோகமும் உண்டு. ராத்திரிச் சமையல் முடிந்ததும் குக்கரில் ரெண்டு விரல் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இட்லி மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி, வெயிட் போடாமல் மூடி, மேலே பழைய கம்பளியைச் சுற்றி வைப்பேன். காலையில் பொங்கியிருக்கும்.

மறையூர் சர்க்கரையில், அதாவது அந்த ஊர் வெல்லத்தில், பொங்கல் வைத்தால் மட்டும் குக்கர் வேண்டாம். அரிசியும் பாசிப்பருப்பும் குக்கரில் வேகட்டும். பாகை உருளியில் காய்ச்சி அதில் சேர்த்துக் கிளறினால்தான் அந்த மணம் நிற்கும்.

பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள், ரெண்டு பேர்தானே என்று 3 லிட்டர் வாங்கி வருகிறார்கள். 5 லிட்டரே வாங்குங்கள். ஆள் வராத வீடு மூணாறில் கிடையாது. கூடவே கேஸ்கட் ரெண்டும் வால்வு ஒன்றும் கீழேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போடி போகும் மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்தால் கடைக்குச் சரக்கு வர நாளாகும்.