வண்ணார்பேட்டை பிளம்பிங் கடை: கேரவனில் ஒருவழியாகச் சுடுதண்ணீர்

பழைய கேரவனை வாங்கியதிலிருந்து சுடுதண்ணீருக்கு அல்லாடினோம். ஹீட்டர் ஓடும், குழாயில் வெதுவெதுப்புதான் வரும். மார்கழியில் குற்றாலம் போனபோது அம்மா பச்சைத்தண்ணீரில் குளித்து இரண்டு நாள் இருமினார்கள். முதலில் பார்த்தவர் ஹீட்டரையே மாற்றச் சொன்னார்.

வண்ணார்பேட்டையில் சின்ன பிளம்பிங் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, ஹீட்டரிலிருந்து வெளியே வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தார், நல்ல சூடு. "சூடு வருது தம்பி, வழியில பச்சத்தண்ணி சேருது" என்றார். வண்டிக்கு வெளியே கால் கழுவ ஒரு கைஷவர் உண்டு. அதன் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்த் திருகுகள் இரண்டும் திறந்தே கிடந்தன. கைப்பிடியில் மட்டும் அடைத்திருந்தோம். அந்த வழியாகத்தான் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் ஏறியிருக்கிறது! இரண்டையும் மூடியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் கரண்டை நிறுத்தி, ஆறவிட்டு, ஹீட்டர் தொட்டியை வடித்தார். போர் தண்ணீரின் உப்புப் படிவு கை நிறைய வந்தது. கம்பியாக இளைத்திருந்த மெக்னீசியம் தண்டையும் மாற்றினார். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக அரிபடுவது அந்தத் தண்டுதான். பழைய வண்டி வாங்கியவர்கள் தயவுசெய்து கழற்றிப் பாருங்கள்.

கூலி 600 ரூபாய், தண்டுக்குத் தனி. சொன்னதைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், அது ஒன்றுதான் குறை.