நோம்பிக்கு எது: ஆர்கெஸ்ட்ராவா, வள்ளி கும்மியா?

எங்கள் கொங்குப் பக்கம் ஊர்க்கோயில் திருவிழாவுக்கு நோம்பி என்று பேர். அதைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு நெருங்கினால் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்கண்ணா, இந்த வருசம் கச்சேரி வெக்கலாமா, கும்மி வெக்கலாமா?" கச்சேரி என்றால் ஆர்கெஸ்ட்ரா; கும்மி என்றால் வள்ளி-முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளி கும்மி. மேடை நிகழ்ச்சி ஏற்பாடு செய்வது என் தொழில், இரண்டிலும் எனக்கு வருமானம்தான். ஆனால் 2020-ல் கொரோனாவால் நோம்பிகள் நின்றபோது, கலைஞர்கள் பிழைப்போடு பந்தல்காரர், வளையல் கடைக்காரர் பிழைப்பும் சேர்ந்து படுத்ததைப் பார்த்தவன் நான். அதனால் காசு யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்ப்பேன்.

செலவு: ஆர்கெஸ்ட்ராவுக்கு மேடை, லைட், ஜெனரேட்டர், பாடகர் சம்பளம். பெரும்பங்கு விடிவதற்குள் வேன் ஏறிவிடும்.
கும்மிக்கு ஆசிரியர் சம்பளம், மைக்செட், ஒரே நிறச் சேலை. சேலை பக்கத்து டவுன் ஜவுளிக்கடையில்தான் எடுப்பார்கள்.

கூட்டம்: ஆர்கெஸ்ட்ராவுக்கு இளவட்டம் திரளும்.
கும்மியில் ஆடும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க மாமன், அத்தை, அப்புச்சி என்று ஒரு பட்டாளமே வரும். பஜ்ஜிக் கடை எண்ணெய்ச்சட்டி ஆறவே ஆறாது.

சுலபம்: ஆர்கெஸ்ட்ராதான், சந்தேகமே இல்லை. அட்வான்ஸ் கொடுத்தால் முடிந்தது.
கும்மிக்கு மாதக்கணக்கில் சாயங்காலப் பயிற்சி. ஒருத்தர் கால் தப்பினால் வட்டமே குலையும்.

நிலைப்பு: கச்சேரி அன்றோடு சரி. கும்மி கற்றவர்கள் அடுத்த ஊருக்கும் ஆடப் போவார்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு மவுசும் கூடியிருக்கிறது.

நோம்பிக்குப் பத்து நாள்தான் இருந்தால் ஆர்கெஸ்ட்ராவே வையுங்கள். ஆறு மாதம் இருந்தால் கும்மி. ஆசிரியரிடம் இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.